துடைப்பத்துக்குப் பாடத்திட்டம் எழுதியது யார்?

தென்சென்னையின் மறுகுடியமர்வுக் குடியிருப்பு ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் பயிற்சி முடித்த பெண்களுக்குச் சான்றிதழ் கொடுக்கும் நிகழ்ச்சி. களப்பணியாளர் என்ற முறையில் நானும் போயிருந்தேன். மேடையில் பேசியவர், "இதுவரை நீங்கள் திறனற்ற தொழிலாளர்கள். இன்றிலிருந்து திறன் பெற்ற தொழிலாளர்கள்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா தட்டவில்லை. இருபது வருடத்துக்கு மேல் அடையாறு, பெசன்ட் நகர் வீடுகளில் வேலை செய்தவர். என் பக்கம் குனிந்து, "ஏம்மா, அப்போ இத்தன வருசமா நான் பெருக்குனது பெருக்குனதுல சேராதா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பயிற்சி வீண் என்று நான் சொல்லவில்லை. மேலிருந்து கீழாகச் சுத்தம் செய்ய வேண்டும், ஒட்டடை அடித்த பிறகுதான் தரைக்கு வர வேண்டும், அறையின் உள்மூலையில் தொடங்கி வாசலில் முடிக்க வேண்டும், ஈரத் துணிக்கு முன் உலர்ந்த துணி என்பதெல்லாம் அந்தப் பெண்களுக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதவையும் இருந்தன. கழிவறைக்குச் சிவப்புத் துணி, சமையலறைக்குப் பச்சை, பொது இடத்துக்கு நீலம் என்று பிரித்து வைத்தால் கிருமி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகாது. கிருமிநாசினியை ஊற்றியவுடன் துடைத்துவிடக் கூடாது, அது வேலை செய்யச் சில நிமிடங்கள் விட வேண்டும். ரத்தக் கறைக்கு வெந்நீர் ஆகாது, பச்சைத் தண்ணீர்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. கலந்தால் குளோரின் வாயு வரும். அந்த அக்கா பல வருடங்களுக்கு முன் ஒரு வீட்டுக் குளியலறையில் இரண்டையும் சேர்த்து ஊற்றி, மூச்சு முட்டி மயங்கி விழுந்திருக்கிறார். உடம்பில் தெம்பில்லை என்று சொல்லி அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். ஏன் மயக்கம் வந்தது என்பதை இந்த வகுப்பில்தான் தெரிந்துகொண்டார். ஆகவே பயிற்சி உயிரைக் காப்பாற்றும். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் அந்தப் பயிற்சிக் கையேட்டைப் புரட்டிப் பார்த்தேன். வாடிக்கையாளரிடம் பணிவாகப் பேசுவது எப்படி என்று ஒரு பாடம் இருந்தது. கூலியைக் கேட்பது எப்படி என்ற பாடம் இல்லை. சுத்தமாக உடுத்துவது பற்றிப் பாடம் இருந்தது. தனி டம்ளரில் டீ கொடுத்தால் என்ன செய்வது என்று எதுவும் இல்லை. ஆசிட் பற்றி இருந்தது, ஆசிட் பட்டால் மருத்துவச் செலவு யாருடையது என்பது இல்லை. எது திறன், எது திறனில்லை என்று முடிவு செய்தவர் யாரோ, அவர்தான் இந்தப் புத்தகத்தை எழுதியிருக்கிறார். அந்த "யாரோ" துடைப்பத்தைப் பிடித்தவர் இல்லை.

இது நமக்கு மட்டும் நடந்த கதை இல்லை. வீட்டுவேலைக்குப் பயிற்சி, பாடத்திட்டம், சான்றிதழ் என்பதைப் பற்றி நூறு ஆண்டுகளுக்கு மேல் சண்டை போட்ட ஒரு சமூகம் உண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்கள். அண்ணல் அம்பேத்கர் 1946இல் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதி, தீண்டத்தகாத மக்களின் நிலைக்கும் அமெரிக்கக் கறுப்பர்களின் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டிக்காட்டினார் என்பது நம் தோழர்களுக்குத் தெரியும். அந்த ஒற்றுமையை நாம் பெரும்பாலும் அரசியல் மேடையில் வைத்துத்தான் பார்க்கிறோம். சமையலறையிலும் குளியலறையிலும் வைத்து ஒருமுறை பார்ப்போம்.

பெருக்கிக் காட்டி வாங்கிய இடம்

1872. அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற ஒரு பையன், வர்ஜீனியாவில் இருந்த ஹாம்ப்டன் என்ற பள்ளிக்கு அழுக்குச் சட்டையும் பசியுமாக வந்து சேர்ந்தான். தலைமை ஆசிரியை மேரி மேக்கி அவனைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கினார். கடைசியில் ஓர் அறையைக் காட்டிப் பெருக்கச் சொன்னார். பையன் மூன்று முறை பெருக்கினான், நான்கு முறை தூசி துடைத்தான். ஆசிரியை கைக்குட்டையால் சுவரையும் மேசையையும் தேய்த்துப் பார்த்தார். ஒரு துளித் தூசி இல்லை. பையனுக்கு இடம் கிடைத்தது. அவன்தான் பின்னாளில் புகழ்பெற்ற புக்கர் டி. வாஷிங்டன். தன் வரலாற்றில் அவரே இதைப் பெருமையோடு எழுதியிருக்கிறார்.

அந்தப் பையனுக்கு அந்தத் திறன் எங்கிருந்து வந்தது? ஹாம்ப்டனுக்கு வருவதற்கு முன் வயோலா ரஃப்னர் என்ற வெள்ளையின முதலாளியம்மா வீட்டில் வேலைக்காரப் பையனாக இருந்தார். கண்டிப்பான அந்த வீட்டில் கற்றதுதான் தேர்வு அறையில் கைகொடுத்தது. அதாவது, பள்ளி கற்றுக்கொடுக்கும் முன்பே அவருக்கு வேலை தெரியும். பள்ளி அதைச் சோதித்து முத்திரை மட்டும் குத்தியது.

வாஷிங்டன் 1881 ஜூலையில் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி பள்ளியைத் தொடங்கினார். தச்சு, செங்கல் சூளை, விவசாயம், சமையல், சலவை என்று கைத்தொழில் கற்றுக்கொண்டு நம்மைப் பயனுள்ளவர்களாகக் காட்டினால் மரியாதை தானாக வரும் என்பது அவர் நம்பிக்கை. வெள்ளையினச் செல்வந்தர்கள் இந்தத் திட்டத்துக்கு வாரி வழங்கினார்கள். டு போய்ஸ் இதைக் கடுமையாக எதிர்த்தார். ஓட்டுரிமையையும் உயர்கல்வியையும் விட்டுக்கொடுத்துவிட்டுக் கற்கும் தொழில், அடிமை காலத்து வேலைக்கே ஆளைத் திருப்பி அனுப்பும் என்பது அவர் வாதம்.

சமூகவியல் படிக்கும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1899இல் வெளிவந்த டு போய்ஸின் பிலடெல்பியா ஆய்வு நூலில், வீட்டுவேலை செய்பவர்களைப் பற்றி இசபெல் ஈட்டன் எழுதிய தனி அறிக்கையும் சேர்ந்திருக்கிறது. வீட்டுவேலையை நல்லது கெட்டது என்ற உபதேசத்திலிருந்து எடுத்து, கூலி, வயது, படிப்பு என்று கணக்கெடுத்துப் பார்த்த முன்னோடி வேலைகளில் அது ஒன்று.

அதே ஜூலை, இன்னொரு ஊர்

டஸ்கீகி பள்ளி திறந்த அதே 1881 ஜூலையில், ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரத்தில் இன்னொன்று நடந்தது. சுமார் இருபது கறுப்பினச் சலவைப் பெண்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். பன்னிரண்டு பவுண்டு துணிக்கு ஒரு டாலர் என்று ஒரே விலை வைத்தார்கள். கொடுக்காவிட்டால் வெளுக்க மாட்டோம் என்றார்கள். வீடு வீடாகப் போய் மற்றவர்களைச் சேர்த்தார்கள். மூன்று வாரத்தில் சங்கத்தில் மூவாயிரம் பேர்.

இவர்கள் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. ஆனால் அவர்கள் செய்த வேலையைப் பாருங்கள். கிணற்றிலிருந்தும் குழாயிலிருந்தும் தண்ணீர் சுமந்து, காரநீரில் சோப்புக் காய்ச்சி, கோதுமைத் தவிட்டிலிருந்து கஞ்சி எடுத்து, பீர் பீப்பாயைப் பாதியாக அறுத்துத் தொட்டியாக்கி, கனத்த இரும்புப் பெட்டியை அடுப்பில் காய வைத்துத் தேய்த்தார்கள். வேதியியலும் துணியின் தன்மையும் சூட்டின் அளவும் தெரியாமல் இதைச் செய்ய முடியாது. அரசாங்கக் கணக்கில் இது திறனற்ற வேலை.

நகர நிர்வாகம் சிலரைக் கைது செய்து அபராதம் போட்டது. சலவைச் சங்கத்தில் இருப்பவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 25 டாலர் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும் என்று நகரமன்றத்தில் தீர்மானம் வந்தது. பெண்கள் மேயருக்குக் கடிதம் எழுதினார்கள். 25 என்ன, 50 டாலர்கூடக் கட்டத் தயார், ஆனால் நகரத்தின் சலவை வேலை முழுவதும் எங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்று அதில் சொன்னார்கள். நகரமன்றம் உரிமக் கட்டண யோசனையைக் கைவிட்டது.

இரண்டு நிகழ்ச்சிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம், வேலையை இன்னும் நன்றாகச் செய்து மரியாதை பெறலாம் என்ற பள்ளி. இன்னொரு பக்கம், நன்றாகத்தான் செய்கிறோம், விலையை நாங்கள் வைக்கிறோம் என்ற சங்கம். அதற்குப் பிறகு வந்த நூறு ஆண்டுப் போராட்டம் இந்த இரண்டையும் சேர்க்க முடியுமா என்பதுதான்.

பரோஸ் அம்மையாரின் பள்ளி

சேர்க்க முயன்றவர்களில் முக்கியமானவர் நேனி ஹெலன் பரோஸ். 1879இல் வர்ஜீனியாவில் பிறந்தவர். வாஷிங்டன் நகரில் நன்றாகப் படித்துத் தேறியும் அவர் எதிர்பார்த்த ஆசிரியர் வேலை கிடைக்கவில்லை. மேட்டுக்குடிக் கறுப்பர்கள் அவரது கருத்த நிறத்தைப் பார்த்து ஒதுக்கியதே காரணம் என்று பேசப்பட்டது. ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளும் மேல் கீழ் உண்டு என்பது நமக்குப் புதிய செய்தி இல்லை.

1909இல் அவர் வாஷிங்டன் நகரில் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் ஒரு தேசியப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். பெரிய வெள்ளையினச் செல்வந்தர்களை நம்பாமல், பாப்டிஸ்ட் திருச்சபைக் கறுப்பினப் பெண்கள் போட்ட சில்லறைக் காசுகளைக் கொண்டே பெரும்பாலும் கட்டினார். பைபிள், குளியல், துடைப்பம் ஆகிய மூன்றையும் சேர்த்து அந்தப் பள்ளிக்கு அடைமொழி சொல்வார்கள். வீட்டு நிர்வாகம், சமையல், சலவை, துணி தைப்பு எல்லாம் அங்கே தொழிலாகக் கற்பிக்கப்பட்டன. அச்சுக்கலை, கணக்கு எழுதுதல் போன்றவையும் இருந்தன. பெருக்கத் தெரிந்தவள் பெருக்க மட்டும்தான் வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை.

இதில் நம் இளைஞர்கள் மறக்கக் கூடாத செய்தி ஒன்று உண்டு. அந்தப் பள்ளியில் கறுப்பின மக்களின் வரலாறு கட்டாயப் பாடம். அது இல்லாமல் படிப்பை முடித்துவிட்டுப் போக முடியாது. படுக்கை விரிக்கக் கற்றுக்கொள்ளும் பெண், தன் பாட்டி யாருக்காக, எந்தச் சட்டத்தின் கீழ் படுக்கை விரித்தாள் என்பதையும் படித்தாக வேண்டும். நான் பார்த்த எந்தத் திறன் பயிற்சிக் கையேட்டிலும் இதற்கு இணையான ஒரு பக்கம்கூட இல்லை.

பரோஸிடம் விமர்சிக்க வேண்டியதும் இருக்கிறது. ஒழுக்கம், சுத்தம், மரியாதை என்ற பேச்சு அவரிடம் நிறைய உண்டு. ஏழைப் பெண்ணைத் திருத்தினால் இனம் முன்னேறும் என்ற தொனி அது. ஆனால் பள்ளி மட்டும் போதாது என்பது அவருக்கே தெரிந்திருந்தது. 1920களின் தொடக்கத்தில், கூலிக்கு உழைக்கும் பெண்களுக்காக ஒரு தேசியச் சங்கத்தையும் தொடங்கினார். அது நீண்ட நாள் நிலைக்கவில்லை.

சான்றிதழ் இருந்தது, சட்டம் இல்லை

இனி வருவதுதான் என் கட்டுரையின் மையம். திறன் வந்தால் கூலி வரும் என்ற வாதத்தை வரலாறு சோதித்துப் பார்த்துவிட்டது.

1935இல் அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முதுமைக்கால ஓய்வூதியம் தந்த சட்டம். வீட்டுவேலை செய்பவர்களும் விவசாயக் கூலிகளும் அதில் சேர்க்கப்படவில்லை. அதே ஆண்டு வந்த தொழிற்சங்க உரிமைச் சட்டத்திலும் இரு பிரிவினரையும் விலக்கினார்கள். 1938இல் மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்சக் கூலி என்று சட்டம் வந்தது. அதிலும் வெளியேதான். 1940 கணக்கெடுப்பின்படி, வேலைக்குப் போன கறுப்பினப் பெண்களில் பத்துக்கு ஆறு பேர் வீட்டுவேலையில் இருந்தார்கள். சட்டத்தில் "கறுப்பர்" என்ற சொல்லே இல்லை. தேவைப்படவில்லை. வேலையின் பெயரைச் சொன்னாலே போதுமாக இருந்தது. நம் ஊரிலும் வேலையின் பெயரைச் சொன்னால் சாதி தெரிந்துவிடுகிறதே, அதுபோல.

அந்தக் காலத்தில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதித் தெருமுனைகளில் கறுப்பினப் பெண்கள் காலையில் வந்து நிற்பார்கள். முதலாளியம்மாக்கள் வந்து பேரம் பேசி அன்றைக்கு மட்டும் கூட்டிப் போவார்கள். எல்லா பேக்கருவும் மார்வெல் குக்கும் அங்கே நேரில் போய்ப் பார்த்து, 1935இல் ஒரு கட்டுரையில் அதை அடிமைச் சந்தை என்றே எழுதினார்கள். தெருமுனையில் பேரம் பேசும்போது யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. யார் குறைவாகக் கேட்கிறாள் என்பதுதான் கேள்வி.

பஸ்ஸில் தொடங்கிய சங்கம்

மாற்றம் மறுபடியும் அட்லாண்டாவில் இருந்து வந்தது. டொரத்தி போல்டன் ஒன்பது வயதில் வீட்டுவேலைக்குப் போனவர். தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகும் பெண்களிடம் பேசிப் பேசி, 1968இல் வீட்டுவேலை செய்பவர்களின் தேசியச் சங்கத்தைத் தொடங்கினார். உறுப்பினராக ஒரு நிபந்தனை வைத்தார்: வாக்காளராகப் பதிவு செய்திருக்க வேண்டும். முதலாளியம்மாவிடம் கூலியும் பஸ் கட்டணமும் எப்படிப் பேசி வாங்குவது என்பதைச் சங்கம் சொல்லிக்கொடுத்தது. இதுவும் பயிற்சிதான். பாடத்திட்டத்தை எழுதியவர் மட்டும் மாறிவிட்டார்.

1971இல் நாடு முழுவதிலுமிருந்து வீட்டுவேலை செய்யும் பெண்கள் வாஷிங்டன் அருகே மாநாடு கூடினார்கள். முன்நின்று ஒருங்கிணைத்தவர் எடித் பார்க்ஸ்டேல் ஸ்லோன். அங்கே உருவான அமைப்புக்கு "அமெரிக்க வீட்டுத் தொழில்நுட்பப் பணியாளர்கள்" என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். வேலைக்காரி என்ற சொல்லைத் தூக்கி எறிந்தார்கள். அவர்களது முழக்கம் கூலி, பாதுகாப்பு, தொழில்நேர்த்தி. இந்த வரிசையைக் கவனியுங்கள். கூலி முதலில் வருகிறது, தொழில்நேர்த்தி மூன்றாவதாக வருகிறது.

1974இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. காங்கிரசுக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண் ஷெர்லி சிஷோம் இதற்காகக் குரல் கொடுத்தார். அவருடைய தாயும் வீட்டுவேலை செய்தவர்தான். 1938இலிருந்து 1974 வரை 36 ஆண்டுகள். அந்த 36 ஆண்டுகளில் அந்தப் பெண்களின் திறன் திடீரென்று கூடிவிடவில்லை. சங்கம் கூடியது, ஓட்டுக் கூடியது, சட்டம் மாறியது.

நம் வீட்டுக்குத் திரும்புவோம்

நம் நாட்டில் இன்னொரு சிக்கல் கூடுதலாக இருக்கிறது. இங்கே வீட்டுவேலை ஒரே வேலை இல்லை. சமையலுக்கு ஒரு சாதி, பாத்திரம் தேய்க்க ஒரு சாதி, கழிவறைக்கு ஒரு சாதி. திறனுக்கு இங்கே கதவு திறப்பதில்லை. 2017இல் புனேயில் ஒரு மூத்த விஞ்ஞானி, தன் வீட்டில் சமைத்த பெண் சாதியை மறைத்து வேலைக்குச் சேர்ந்ததாகப் போலீசில் புகார் கொடுத்தார். சமையல் சரியில்லை என்பது புகார் இல்லை. எதிர்ப்பு எழுந்த பிறகு புகார் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் புகாரை வாங்கிப் பதிவு செய்ய ஒரு காவல் நிலையம் இருந்தது.

சட்டத்தில் நாம் எங்கே நிற்கிறோம்? வீட்டுவேலை செய்பவர்களுக்கான 189ஆம் உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011இல் நிறைவேற்றியபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. இன்னும் அதை ஏற்று ஒப்புதல் அளிக்கவில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டம், நம் வீட்டுவேலைப் பெண்களையும் சேர்த்துக்கொள்கிறது. அது நல்ல விஷயம். எத்தனை பெண்களுக்கு அது தெரியும் என்று உங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2007இல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் அமைந்தது. 2018இல் குறைந்தபட்சக் கூலி அறிவிக்கப்பட்டது. மணிக்கு 40 ரூபாயைக்கூட அது தொடவில்லை.

அந்த அக்காவுக்குச் சான்றிதழ் வந்த பிறகு ஐ.டி. சாலையில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. சான்றிதழில் படுக்கையறை, சமையலறை, வரவேற்பறை என்று எல்லாப் பிரிவும் எழுதியிருக்கிறது. நேர்காணலில் எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். சொன்னார். கழிவறைப் பிரிவில் போட்டார்கள். அதே வகுப்பில் படித்து, வேறு இடத்தில் குடியிருந்த இன்னொரு பெண்ணுக்குச் சாப்பாட்டுக்கூடம் கிடைத்தது.

ஆகவே தோழர்களே, உங்கள் பகுதியில் திறன் பயிற்சி முகாம் போட்டால் புறக்கணிக்கச் சொல்ல மாட்டேன். ரசாயனம் கையாளக் கற்பது நம் பெண்களின் நுரையீரலைக் காக்கும். போங்கள், கூடவே உட்காருங்கள், நான்கு கேள்விகளைக் கேளுங்கள். பாடத்திட்டத்தை எழுதியவர்களில் இந்த வேலை செய்த பெண் ஒருவராவது உண்டா? கூலி, விடுப்பு, நல வாரியப் பதிவு, புகார் கொடுக்கும் முறை ஆகியவை பாடத்தில் இருக்கின்றனவா? கையுறையும் முகக்கவசமும் வாங்கித் தரும் பொறுப்பு யாருடையது என்று எழுதியிருக்கிறதா? பயிற்சி முடித்தவர்களில் யார் சமையலறைக்கும் யார் கழிவறைக்கும் அனுப்பப்பட்டார்கள் என்ற கணக்கைத் தருவீர்களா?

நான்காவது கேள்விக்குப் பதில் தராவிட்டால் நாமே கணக்கெடுக்கலாம். ஈட்டன் 1890களில் வீடு வீடாகப் போய் எடுத்ததுபோல. நானும் சில மாணவர்களும் அந்த வேலையைத் தொடங்கியிருக்கிறோம். அக்காதான் எங்களுக்கு வீடுகளைக் காட்டுகிறார். அவர் கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. சேரும் அக்கா. இருபது வருடமும் சேரும். அதைக் கணக்கில் சேர்க்க வைப்பதுதான் நம் வேலை.

ஜெய்பீம்.